எங்களை வெளியேறச் சொல்லாதீர்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே,

போன மாதம் எங்கள் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. பணி தொடர்பாக வெளியாட்களோடு சேர்ந்திருக்கும் புலனம் (வாட்ஸ்அப்), டெலிகிராம், முகநூல் குழுக்கள் அனைத்திலிருந்தும் ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வெளியேற வேண்டும். இனிமேல் கற்றல் கற்பித்தல் பற்றிய பேச்செல்லாம் பள்ளியின் அதிகாரப்பூர்வக் குழுவுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். வெளியேறிவிட்டதாகக் கையொப்பமிட்டுத் தரவும் வேண்டும்.

நான் இன்னும் கையொப்பமிடவில்லை. ஏன் இடவில்லை என்பதை என் தலைமையாசிரியரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் வரப்போகுது டீச்சர்" என்றார். அதனால்தான் இதை அவருக்கு மட்டும் எழுதாமல், இந்த மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஆணைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு பொய்ச் செய்தி. மாணவர் ஒவ்வொருவருக்கும் இலவசக் கைக்கணினி தரப்போகிறார்கள், கீழே உள்ள இணைப்பைத் திறந்து பெற்றோரின் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நிரப்புங்கள் என்று அது சொன்னது. பெற்றோர் சிலர் நிரப்பிவிட்டார்கள். மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துச்சுன்னுதானே டீச்சர் நம்பினேன்" என்றார். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கணக்கை முடக்கிவிட்டு வந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஆகவே இது சின்ன விஷயம் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தச் செய்தி வந்த வழியைப் பாருங்கள். இரவு எட்டு மணி வாக்கில் அது எங்கள் பள்ளியின் அதிகாரப்பூர்வக் குழுவுக்குத்தான் வந்தது. அதன் தலையில் 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற குறி தெளிவாக இருந்தது. அப்படி ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே புலனம் கட்டுப்பாடு போட்டுவிட்டது. ஆகவே ஆறு வகுப்புப் பெற்றோர் குழுக்களுக்கும் அது போக வேண்டுமென்றால் யாரோ ஆறு முறை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். போயிற்று. இடையில் எங்களில் ஒருவரும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கவில்லை. மூத்தவர் ஒருவர் போட்டார், மற்றவர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்த மூத்தவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அறிவிப்பு வரும், நன்றி சொல்வோம், அவ்வளவுதான் அந்தக் குழுவின் பழக்கம். கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு போல ஆகிவிட்டது.

அதே இரவு, அதே செய்தி, நான் இருக்கும், பல ஊர் ஆசிரியர்கள் கொண்ட வெளி வட்டத்துக்கும் வந்தது. சுங்கை சிப்புட்டில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் முதலில் கேட்டார்: "அமைச்சின் பக்கத்தில் இது எங்கே இருக்கிறது?" இன்னொருவர் இணைப்பின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்து, இது அரசு முகவரியே இல்லை என்றார். மூன்றாமவர், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தில் தேடினார். அங்கே இதைப் பற்றி அப்போது ஒன்றும் இல்லை. சரி, உறுதியாகத் தெரியும்வரை யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று முடிவானது. இத்தனையும் கால்மணி நேரத்துக்குள். நான் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக் குழுவில் எழுதியபோது ஒன்பது மணி ஆகிவிட்டது. அதற்குள் வகுப்புக் குழுக்களில் பரவிவிட்டது.

பொய்யை நிறுத்திய வட்டத்திலிருந்து வெளியேறு என்கிறீர்கள். பொய்யைப் பரப்பிய குழு ஒன்று போதும் என்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பணிபுரிவது 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் சிறிய பள்ளி. உங்களில் பலருக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். எங்கள் அறிவியல் பணித்தியத்துக்கு, அதாவது அந்தப் பாடத்தின் ஆசிரியர் குழுவுக்கு, தலைவியும் நான்தான், உறுப்பினரும் நான்தான். ஒரு பாடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்புக் கதவைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. பெரிய பள்ளியில் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டே தீர்த்துக்கொள்ளும் கேள்வியை நான் தீர்த்துக்கொள்ள என் கைப்பேசியைத்தான் திறக்க வேண்டும். நான் தேடியவர்கள் எல்லோரும் வெளியாட்கள்தான். அவர்கள் இல்லையென்றால் எனக்குச் சக ஆசிரியர் என்றே ஒருவரும் இல்லை.

இந்த வட்டம் ஒரே நாளில் வந்ததில்லை. 2020 மார்ச் 18-இல் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் எல்லோரையும் போல நானும் கண்ணில் பட்ட குழுவிலெல்லாம் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் கைப்பேசி நிறைந்துவிட்டது. அழகான வண்ணத்தில் பயிற்றிகள் (பயிற்சித்தாள்கள்), விடைகளில் பாதி தப்பு. ஒரே காணொலி பத்து இடத்தில். யார் செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பதிவிறக்கி, காலையில் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் தப்பைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு முடிவில் பெரும்பாலான குழுக்களிலிருந்து நானே விலகினேன். யாரும் ஆணை போடவில்லை. பிறகு குழுவைத் தேடுவதை விட்டுவிட்டு ஆட்களைத் தேடத் தொடங்கினேன்.

ஓர் ஆசிரியர் சொல்வதை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு உதவிய வழி எளிமையானது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பேன். ஐந்தாம் ஆண்டில் நிலவின் கலைகளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு பிறையாகத் தெரிகிறது என்று பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் நினைக்கிறார்கள். நிழல் விழுவது கிரகணத்தின்போதுதான். மற்ற நாள்களில் நிலவின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிறையாகவோ முழுநிலவாகவோ நமக்குத் தெரிகிறது.

இதைத் தப்பாகப் போட்ட பயிற்றிகள் இரண்டு எனக்கு ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் அனுப்பியவர்களுக்குத் தனியாக எழுதினேன். ஒருவர் பதில் சொல்லாமல் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இன்னொருவர் ஜொகூரைச் சேர்ந்த ஆசிரியை. அன்று மாலையே குழுவில், "நான் போட்டது தப்பு, பழையதை அழித்துவிடுங்கள், திருத்தியது இதோ" என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார். அந்த ஆசிரியையை நான் இன்றுவரை பின்தொடர்கிறேன். எங்கள் வட்டத்தின் முதல் ஆள் அவர்தான். நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் தப்பு நேர்ந்தால் மறைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அப்படித்தான் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். ஒருவரைச் சேர்ப்பதற்குமுன் அவருடைய பழைய பதிவுகளைச் சில வாரம் படிப்போம். தான் வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதுகிறாரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? எதையாவது விற்கிறாரா? விற்பது குற்றமில்லை. ஆனால் விற்பவரின் அறிவுரையை விற்பவரின் அறிவுரை என்று தெரிந்து கேட்க வேண்டும்.

கிளந்தானில் ஒரு மலாய் ஆசிரியர் இருக்கிறார். இருட்டறையில் ஒரு விளக்கு, குச்சியில் செருகிய வெள்ளைப் பந்து, இவை இரண்டும் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளை பந்தைத் தலைக்குச் சற்று மேலே, கை நீட்டிப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே சுற்ற வேண்டும். நான் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி அதைச் செய்தேன். மெதுவாகச் சுற்றிய பையன் ஒருவன் திடீரென்று, "டீச்சர், பிறை வந்துடுச்சு!" என்று கத்தினான். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை அவன். அந்த ஆண்டு என் வகுப்பில் நிழல் என்று விடை எழுதியவர் யாரும் இல்லை. இந்த ஆணையின்படி அந்தக் கிளந்தான் ஆசிரியர் ஒரு வெளியாள். நான் அவரோடு பேசக்கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்வது எனக்கு எளிதாக இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் நடந்த ஒரு பணியிடைப் பயிற்சியில் ஒரு முக்கோணப் படத்தைக் காட்டினார்கள். படித்தால் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று அடுக்கடுக்காகப் போகும் படம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் அதைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். வட்டத்தில் அதன் படத்தைப் போட்டபோது ஒருவர் கேட்டார்: "இதை யார், எப்போது, எத்தனை பேரிடம் அளந்தார்கள்?" எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் தேடினோம். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் ஒரு கூம்பு வரைந்திருக்கிறார். அனுபவங்களை நேரடியானவை, அருவமானவை என்று வகைப்படுத்திய படம் அது. அதில் விழுக்காடே கிடையாது. எண்களைப் பின்னால் யாரோ ஒட்டிவிட்டார்கள். மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதும் இப்படித்தான். அதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர்கள் நால்வர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நான் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பயிற்சி நடத்தியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் எங்கிருந்தோ நம்பி எடுத்தவர்கள்தான். ஆனால் அதிகாரப்பூர்வமாக வருவது சரியாக இருக்கும், வெளியிலிருந்து வருவது தப்பாக இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. என் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஒரு வெளியாளின் கேள்வி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். எல்லோரிடமும் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். வரலாற்றாளர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து மேலும் கீழும் படித்து, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சீக்கிரமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

வெளியே வந்து பார்ப்பதுதான் பாதுகாப்பு. கதவைச் சாத்திவிட்டால் எங்களால் எதை வைத்து எதைச் சரிபார்க்க முடியும்? ஒரே பள்ளியில் ஒரே கூட்டத்தில் உட்காரும் நாங்கள் இருபது பேரும் ஒரே செய்தியைத்தான் கேட்டிருக்கிறோம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே, புதிய தகவல் அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள் வழியாகத்தான் வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-லேயே எழுதினார். புக்கிட் மெர்தாஜாமில் சீனப்பள்ளியில் கணிதம் கற்பிப்பவரும், ஈப்போவில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் ஆசிரியையும், யாழ்ப்பாணத்தில் ஓர் அறிவியல் ஆசிரியரும் என் வட்டத்தில் இருப்பது பெருமைக்காக இல்லை. என் பள்ளியில் கிடைக்காதது அவர்களிடம் இருக்கிறது.

நேரில் பார்க்காதவர்களை நம்பி வேலை செய்வது தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். யார் உள்ளிட்டார், யார் சரிபார்த்தார் என்று நூலின் தொடக்கத்திலேயே பெயர் இருக்கும். நானே வகுப்புக்காக அங்கிருந்து எடுத்திருக்கிறேன். எங்கள் வட்டத்தில் ஒரு பயிற்றி வெளியே போகும்போது செய்தவர் பெயரும் பார்த்தவர் பெயரும் கீழே இருக்க வேண்டும் என்ற விதியை அதைப் பார்த்துத்தான் வைத்தோம்.

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். பிள்ளைகளின் முகத்தைக் கேட்காமல் படம் எடுத்து முகநூலில் போடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் அடைவுநிலையைப் பெயரோடு போட்டுச் சிரித்த குழுவைப் பார்த்து அன்றே விலகினேன். நாங்கள் இலவசமாகப் பகிர்ந்த பயிற்றியை ஒருவர் தன் பெயர் போட்டு 15 ரிங்கிட்டுக்கு விற்றார். இதையெல்லாம் தடுக்க விதி வேண்டும். பிள்ளையின் பெயர், முகம், குடும்ப நிலை எதுவும் எந்தக் குழுவிலும் போகக்கூடாது என்று எழுதுங்கள். முதல் கையொப்பம் நான் இடுகிறேன். ஆனால் இந்த ஆணையில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர் யாரோடு பேசக்கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது.

வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆன ஓர் இளம் ஆசிரியை எங்கள் பள்ளியில் இருக்கிறார். அவர் கையொப்பமிட்டு எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிட்டார். போன வாரம் ஓய்வறையில் என்னிடம் மெல்லிய குரலில், "அக்கா, என் பாடத்துக்கு உங்க வட்டத்துல என்ன செய்றாங்க?" என்று கேட்டார். ஓர் ஆசிரியர் கற்க விரும்பியதைத் திருட்டுத்தனம் போலக் கேட்க வேண்டி வந்தது எனக்குத் தாங்கவில்லை. கற்கும் சமூகமாக இயங்குங்கள் என்று கல்வி அமைச்சு 2011-லிருந்து நம்மிடம் சொல்லி வருகிறது. அந்தச் சமூகம் பள்ளி வேலியோடு முடிந்துவிட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

இந்த ஆணையைப் போட்ட பள்ளிகள் திரும்பப் பெற வேண்டும். போடப்போகும் பள்ளிகள் நிறுத்திவைக்க வேண்டும். வாங்கிய கையொப்பங்களை ஆசிரியர்களிடமே திருப்பிக் கொடுங்கள். வெளியேறியவர்கள் மீண்டும் சேரலாம் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த இளம் ஆசிரியை போன்றவர்கள் சேரமாட்டார்கள்.

நம் அதிகாரப்பூர்வக் குழுக்களுக்கு முதலில் ஒரு விதி வையுங்கள். மூலம் தெரியாத செய்தியை யாரும், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், பெற்றோர் குழுவுக்கு அனுப்பக்கூடாது. தப்பு நேர்ந்தால் அதே குழுவில், அதே நாளில் திருத்தம் வர வேண்டும். அந்தத் தாய்க்கு இன்றுவரை எங்கள் பள்ளியிலிருந்து ஒரு திருத்தம் போகவில்லை. அது இந்த வாரமே போக வேண்டும்.

ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி என்ற கணக்கு நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதில் ஒரு பகுதியையாவது இப்படிக் கற்றதற்கு ஒதுக்க வழி தேடுங்கள். சும்மா கேட்கவில்லை. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் கொடுங்கள். வெளியிலிருந்து கற்ற ஒன்றை, யாரிடமிருந்து, எப்படிச் சரிபார்த்தோம், வகுப்பில் செய்தபோது என்ன ஆனது என்று சொல்லிக் காட்டுகிறோம். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள், கேள்வி கேளுங்கள்.

28 பள்ளிகளில் என்னைப் போல ஒற்றை ஆளாக ஒரு பாடத்தைச் சுமப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்துங்கள். பினாங்குத் தீவில் இருப்பவரும் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருப்பவரும் வாரம் ஒருநாள் பேசிக்கொள்ள ஒரு பாலமும் தேவையில்லை, ஒரு சென்னும் செலவில்லை. உங்கள் அனுமதி போதும். பிள்ளைகளின் தனியுரிமை பற்றிய விதியை அந்த ஆசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

எங்கள் பள்ளியின் அடுத்த ஆசிரியர் கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை நான் என் வட்டத்திலேயே இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
செபராங் பிறை, பினாங்கு